அறிதுயில் சிகிச்சை மார்க்கத்தில் ஆகுமா?

(அம்பத்தூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் என் சொந்த ஆராய்ச்சியில் முளைத்ததன்று. பட்டரவாக்கம் ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு பட்டறையில் லேத்து ஓட்டும் இளைஞர் ஒருவர், என் பழைய மாணவர், ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து எல்லாரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், என்னைத் தூண் ஓரமாக அழைத்துச் சென்று, குரலைத் தாழ்த்தி, “சார், டாக்டர் ஹிப்னாட்டிசம் பண்ணலாம்னு சொல்றாரு. நம்ம மார்க்கத்துல அது ஆகுமா? அந்த நேரத்துல நான் அல்லாஹ்வ மறந்துருவேனா?” என்று கேட்டார். கேட்டவரின் வலக்கை நடுங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கேள்விக்கு அங்கே, அப்பொழுதே, விடை சொல்ல எனக்குத் தெரியவில்லை. பிறகு நூல்களைப் புரட்டியும், ஆலிம்களிடம் பாடம் கேட்பவனைப்போல உட்கார்ந்து கேட்டும், மருத்துவர்களிடம் விசாரித்தும் நான் தெளிந்தவற்றை உங்கள்முன் வைப்பது என் கடமை என்று கருதியே இங்கு நிற்கிறேன்.

முதலில் பெயரைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லவேண்டும். ஏனெனில் இந்த விஷயத்தில் பாதிக் குழப்பம் பெயரால் விளைந்தது. நம் தமிழில் இதனை நெடுங்காலமாக மனோவசியம் என்று வழங்கி வந்திருக்கிறோம். வசியம் என்ற சொல் காதில் விழுந்த மாத்திரத்தில், மை, தகடு, தாயத்து, முச்சந்தியில் உடைத்த பூசணிக்காய் ஆகிய அனைத்தும் நம் மனக்கண்முன் வரிசையாக வந்து நின்றுவிடுகின்றன. அரபு மொழியிலோ காந்தத்தால் உறங்கவைத்தல் என்ற பொருள்படும் பெயர் நிலைத்திருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் மெஸ்மர் என்ற மருத்துவர், பிராணிகளின் உடலில் காந்தம் போன்றதொரு சூட்சும திரவம் ஓடுகிறதென்றும் அதனைத் தம் கைகளால் திருப்பி நோய் தீர்க்கலாமென்றும் சொன்னார். 1784-இல் பிரெஞ்சு மன்னர் நியமித்த, பெஞ்சமின் பிராங்க்ளினும் லவாய்சியரும் இடம்பெற்ற குழு ஆராய்ந்து, அத்தகைய திரவம் ஏதுமில்லை, விளைவுகளுக்குக் காரணம் நோயாளியின் கற்பனையே என்று தீர்ப்புக் கூறியது. திரவம் மறைந்தது, காந்தம் என்ற பெயர் மட்டும் அரபு மொழியில் தங்கிவிட்டது. பின்னர் ஜேம்ஸ் பிரெய்டு என்ற அறுவை மருத்துவர், தூக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஹிப்னாட்டிசம் என்ற பெயரை 1843-இல் வெளியிட்ட தம் நூலால் பரப்பினார். சில ஆண்டுகளில், இது தூக்கமே அன்று, மனம் ஒரே எண்ணத்தில் குவிந்து நிற்கும் நிலை என்று கண்டு, அப்பெயரை மாற்ற முயன்றும் அவரால் இயலவில்லை. ஆகவே, காந்தம் இல்லாததற்குக் காந்தப் பெயரும், தூக்கம் அல்லாததற்குத் தூக்கப் பெயரும், வசியம் அல்லாததற்கு வசியப் பெயருமாக, மூன்று மொழிகளிலும் மூன்று பிழைப் பெயர்களைச் சுமந்துகொண்டு இந்தச் சிகிச்சை நம் வாசலில் வந்து நிற்கிறது. இன்றைய உரையில் நான் அறிதுயில் என்ற சொல்லையே ஆள்கிறேன். அறிந்துகொண்டே துயில்வதுபோன்ற நிலை என்ற அளவில் அது உண்மைக்குச் சற்று அருகில் நிற்கிறது.

பெயரை நீக்கிவிட்டுப் பொருளைப் பார்த்தால் என்ன இருக்கிறது? ஒருவர் தம் சம்மதத்தோடு அமர்ந்து, ஒரு புள்ளியிலோ தம் மூச்சிலோ கவனத்தை ஊன்றி, வெளிச் சந்தடிகளிலிருந்து மனத்தை ஒதுக்கி, மருத்துவர் மெல்லச் சொல்லும் யோசனைகளைத் தம் மனத்துக்குள் படமாக விரித்துக்கொள்ளுகிறார், அவ்வளவே. எண்ணம் உடலை ஆளும் என்பது நம் முன்னோருக்குப் புதிய செய்தியன்று. தரையில் கிடக்கும் பலகையின்மீது சாதாரணமாக நடந்துபோகும் மனிதன், அதே பலகை பள்ளத்தின்மேல் பாலமாகப் போடப்பட்டால், விழுந்துவிடுவோம் என்ற எண்ணத்தாலேயே தடுமாறுகிறான் என்பதை இப்னு சீனா ஆயிரம் ஆண்டுகளுக்குமுன் எடுத்துக்காட்டினார். அவருக்கும் முற்பட்ட அபூ ஸைத் அல்-பல்கி, உடல்களின் நலத்தையும் ஆன்மாக்களின் நலத்தையும் ஒரே நூலில் இணைத்து எழுதி, அச்சமும் துக்கமும் சினமும் சிகிச்சைக்கு உரியவை என்று விளக்கினார். பலகையை எண்ணம் ஆட்டுமாயின், நடுங்கும் கையை எண்ணம் நிறுத்தவும் கூடும் என்பதே அறிதுயிலின் சாரம்.

நம் நாட்டிலேயே இதற்கொரு சரித்திரம் உண்டு. அதை எண்ணும்போதெல்லாம் என் நெஞ்சம் நெகிழ்கிறது. வங்காளத்து ஹூக்ளியில் ஹாஜி முஹம்மது முஹ்சின் என்ற வள்ளல், வாரிசு இல்லாத தம் பெருஞ்சொத்தை 1806-இல் வக்ஃபு செய்துவைத்தார். அந்த அறநிதியின் துணையால் நடந்த இமாம்பாரா மருத்துவமனையின் பொறுப்பில் இருந்தவர் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். மயக்க மருந்து என்பதே உலகில் வழக்கத்துக்கு வராத காலம். பாஸ்டன் நகரில் ஈதர் கொடுத்துப் பகிரங்கமாக அறுவை செய்து காட்டியது 1846 அக்டோபரில்தான். அதற்கு ஓராண்டுக்கும் மேல் முன்பாக, 1845 ஏப்ரலில், வேதனையால் துடித்துக்கொண்டிருந்த கைதி ஒருவரை அறிதுயிலில் ஆழ்த்தி வலியைத் தணித்த எஸ்டெய்ல், அடுத்த எட்டு மாதங்களில் 73 அறுவைகளை வலியின்றிச் செய்ததாகத் தம் நூலில் பட்டியலிட்டார். நோயாளியின் தலைமாட்டில் மணிக்கணக்காக அமர்ந்து கைகளை மென்மையாக வீசிக்கொண்டிருந்தவர்கள் அவருடைய உதவியாளர்களான இந்து, முஸ்லிம் இளைஞர்கள். அரசாங்கம் ஒரு குழுவைக்கொண்டு சோதித்துப் பார்த்துக் கல்கத்தாவில் அவருக்கெனத் தனி மருத்துவமனையே அமைத்துக் கொடுத்தது. ஈதரும் குளோரபாரமும் வந்த பின்னர் அந்த முறை மங்கிப்போயிற்று, அது நியாயமே. ஆனால் ஒரு முஸ்லிம் தர்மவானுடைய வக்ஃபின் நிழலில், ஏழை எளியவர்களின் வலியைக் குறைக்க இந்த முறை பயன்பட்டது என்ற உண்மையை, இதனை அந்நியச் சரக்கு என்று தள்ளுபவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும்.

இனி மார்க்கச் சட்டத்துக்கு வருவோம். சவூதி அரேபியாவின் நிலையான பத்வாக் குழு, அறிதுயில் என்பது ஜின்னின் துணைகொண்டு குறி சொல்லுதலின் ஒரு வகை என்று கூறி, அது ஆகாது எனத் தீர்ப்பளித்திருக்கிறது. இதனைச் சிகிச்சை என்ற அளவில், நிபந்தனைகளோடு அநுமதிக்கும் அறிஞர்களும் உளர். அந்தக் குழுவின் தீர்ப்பை நான் அலட்சியமாகப் பேசமாட்டேன். தவ்ஹீத் என்னும் ஏகத்துவத்தைக் காக்கவேண்டும் என்ற கவலையே அதன் உயிர். ஆனால் பிக்ஹு என்னும் மார்க்கச் சட்டக் கலையைத் தொட்டுப் பார்த்தவர்கள் அறிந்த சூத்திரம் ஒன்று உண்டு: சட்டம் தன் காரணத்தோடு சுழலும், காரணம் இருக்குமிடத்தில் இருக்கும், இல்லாதவிடத்தில் நீங்கும். மது விலக்கப்பட்டது போதையால். அதே மது தானாகவே புளித்துக் காடியாகிப் போதை நீங்கிவிட்டால், அந்தக் காடி ஆகும் என்று நம் ஷாபிஈ நூல்களும் ஹனபி நூல்களும் ஒருங்கே சொல்லுகின்றன. அவ்வாறே, ஜின்னை அழைத்து மறைவானதைச் சொல்லச் செய்வது எங்கே நிகழ்கிறதோ அங்கே அந்தத் தடை முழுப் பலத்தோடு நிற்கும். ஜின்னுக்கும் குறிக்கும் இடமே இல்லாத மருத்துவ அறையில், மூச்சையும் கவனத்தையும் கொண்டு செய்யப்படும் சிகிச்சைக்கு அந்தக் காரணம் எவ்வாறு பொருந்தும்?

இதைவிடத் தெளிவான வழிகாட்டுதல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்க்கையிலேயே கிடைக்கிறது. அறியாமைக் காலத்தில் தாங்கள் ஓதிப் பார்த்துவந்த முறைகளைப் பற்றித் தோழர்கள் வினவியபோது, பெருமானார் அவற்றை ஒட்டுமொத்தமாக விலக்கவும் இல்லை, ஒட்டுமொத்தமாக ஏற்கவும் இல்லை. அவற்றைத் தம்மிடம் எடுத்துக்காட்டச் சொல்லி, இணைவைத்தல் கலவாதவரையில் குற்றமில்லை என்று அறிவித்ததாக ஸஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் நூலில் பதிவாகியிருக்கிறது. எடுத்துக்காட்டச் சொன்னார்கள் என்பதை மனத்தில் ஊன்றிக்கொள்ளுங்கள். உள்ளே என்ன சொல்லப்படுகிறது, என்ன செய்யப்படுகிறது என்பதைப் பார்த்தபிறகே அங்கே தீர்ப்புப் பிறந்தது. இன்று நான் சொல்லவந்த ஒரே கருத்தும் இதுதான்: பெயருக்குப் பத்வா கொடுத்தல் தகாது, கதவைத் திறந்து, நடப்பதைப் பார்த்து, நடப்பதற்கே கொடுக்கவேண்டும்.

ஆகவே நானும் அந்த இளைஞரோடு கதவைத் திறந்து உள்ளே போனேன். அவருடைய கதையைச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் நின்ற தோழரின் விரல்கள் பவர் பிரஸ்ஸில் சிக்கியதை நேரில் கண்ட நாளிலிருந்து, யந்திரத்தின்முன் நின்றால் இவருக்குக் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், இரவில் உறக்கம் இராது. காத்துக் கருப்புப் பட்டிருக்கிறது என்று தாயார் பயந்தார். ஓதிப் பார்த்தார்கள், தண்ணீர் ஓதிக் குடித்தார்கள், கறுப்புக் கயிறு கட்டினார்கள். செய்வினை எடுப்பதாகச் சொல்லிப் பெருந்தொகை கேட்டவனும் ஒருவன் உண்டு. நல்லவேளையாக அந்த மஹல்லாவின் ஹஜரத், “ஓதியாச்சும்மா, துஆவும் செஞ்சாச்சு. இனிமே டாக்டர்கிட்டயும் காட்டுங்க. ரெண்டும் அல்லாஹ் கொடுத்ததுதானே” என்று அந்தத் தாயை அனுப்பிவைத்தார். அந்த ஹஜரத்தின் வாக்கில் எத்தனை பிக்ஹு அடங்கியிருக்கிறது!

மனநல மருத்துவர் சில வாரங்கள் மாத்திரை கொடுத்தபிறகே அறிதுயிலைப் பற்றிப் பேசினார். அறையில் ஊதுவத்தியும் இல்லை, ஊசலாடும் கடிகாரமும் இல்லை. ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, சுவரில் ஒரு நாட்காட்டி. “உங்களுக்கு மனசு அமைதியா இருக்கற இடம் எது?” என்று மருத்துவர் கேட்டார். இளைஞர் சற்று யோசித்து, “சுபுஹுக்கு முன்னாடி, பள்ளிவாசல் ஹவ்ளு சார். யாரும் இருக்கமாட்டாங்க. தண்ணி ஜில்லுனு இருக்கும்” என்றார். “உள்ளுக்குள்ள திக்ரு சொல்லிக்கிட்டிருக்கலாமா?” என்றும் கேட்டார். “தாராளமா” என்றார் அந்த மருத்துவர். அவர் முஸ்லிம் அல்லர். பிறகு, கண்ணை மூடிய அந்த இளைஞரிடம், ஹவ்ளு என்னும் அந்த நீர்த்தொட்டியின் கரையில் அமரச் சொல்லி, நீர் மணிக்கட்டில் படுவதையும், முழங்கைவரை ஓடுவதையும், அதனோடு சேர்ந்து நடுக்கமும் வழிந்து இறங்குவதையும் ஒவ்வொன்றாக, அவசரமின்றி, சொல்லிக்கொண்டே போனார். தெருவில் ஆட்டோ ஒன்று அலறிக்கொண்டு போயிற்று; இளைஞரின் புருவம் ஒருமுறை சுருங்கி மீண்டும் தணிந்தது. தொடைமீது கிடந்த வலக்கை, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே, அசைவற்று அமைந்தது. எழுந்தபின், “எல்லாம் காதுல விழுந்துச்சு சார், ஆட்டோகூட. மறக்கல” என்றார். அவர் தூணோரம் கேட்ட கேள்விக்கு அவரே விடை கண்டுகொண்டார். நடுக்கம் அன்றே பறந்துவிட்டதென்று நான் சொல்லேன். பல அமர்வுகள் ஆயின, மாத்திரையும் தொடர்ந்தது, வேலையும் வேறு யந்திரத்துக்கு மாறிற்று. ஆனால் இரவில் உறக்கம் வந்தது.

அப்படியாயினும் அறிவை இழக்கச் செய்வது குற்றமல்லவா என்று சிலர் வினவுகிறார்கள். மார்க்கம் காக்கவந்த ஐந்து பேறுகளில் அறிவும் ஒன்று என்பது இமாம் கஸ்ஸாலி முதலியோர் வகுத்த உண்மையே. ஆயினும் அறுவைக்காக முழு மயக்கம் கொடுப்பதை ஆகும் என்று ஏற்கிற நாம், ஆட்டோச் சத்தம்கூடக் கேட்கும் இந்த நிலையை அதைவிடக் கடியதாகக் கருத இயலாது. தொழுகைக்குமுன் செய்யும் உளூ என்னும் தூய்மை இதனால் முறியுமா என்பதும் கேட்கத்தக்க கேள்வி. அறிவு மறைந்தால் முறியும். தன்னுணர்வு நீங்காமல் இருந்தவருக்கு வெறும் சந்தேகத்தால் முறியாது, ஏனெனில் உறுதியைச் சந்தேகம் நீக்குவதில்லை என்பது சட்டத்தின் அடிப்படை. மனம் சஞ்சலப்பட்டால் மீண்டும் உளூ செய்துகொள்வதில் என்ன சிரமம்?

ஆனால், நண்பர்களே, ஆகும் என்று நான் சொல்வது எல்லாவற்றுக்கும் திறந்துவிட்ட வாசல் அன்று. மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்தவன் விளைந்த கேட்டுக்குப் பொறுப்பாளியாவான் என்பது நபிமொழியின் கருத்து. ஆகவே, மனநலத் துறையில் முறையாகப் பயின்று பதிவு பெற்றவரிடமே செல்லவேண்டும். தகுந்த பயிற்சி பெற்றவர்களே இதனைச் செய்யவேண்டும் என்பதை நம் மத்திய சுகாதார அமைச்சகமும் 2003-இல் தெரிவித்திருக்கிறது. மூன்று நாள் வகுப்பில் சான்றிதழ் வாங்கி விளம்பரப் பலகை மாட்டிக்கொண்டவர்களிடம் நம் பிள்ளைகளின் மனத்தை ஒப்படைப்பது அமானத்துக்குச் செய்யும் துரோகம். நோயாளியின் சம்மதம் இன்றியமையாதது. 1992-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச பிக்ஹு அகாதமியும், பூரணத் தகுதியுள்ள நோயாளியின் அநுமதியின்றிச் சிகிச்சை கூடாது என்று தீர்மானித்திருக்கிறது. பெண்கள் சிகிச்சை பெறும்போது மஹ்ரமான நெருங்கிய உறவினரோ நம்பத்தகுந்த மற்றொரு பெண்ணோ உடனிருக்கவேண்டும்.

முற்பிறவிக்கு அழைத்துச் செல்லுகிறேன் என்று சொல்பவர்களிடம் நாம் போகலாகாது. நம் ஈமானில் முற்பிறவிக்கு இடமில்லை, மருத்துவ விஞ்ஞானத்திலும் அதற்கு ஆதாரமில்லை. களவுபோன நகையைக் கண்டுபிடிக்க மை போட்டுப் பார்ப்பதற்குப் பதிலாக ஒருவரை அறிதுயிலில் ஆழ்த்தி வினவினால், அது பெயர் மாறிய குறி சொல்லுதலே; சவூதி அறிஞர்களின் தடை அங்கே அப்படியே பொருந்தும். அந்நிலையில் எழும் நினைவுகள் பொய்யாகவும் இருக்கக்கூடுமாதலால், அவற்றை நம்பி மனைவிமீதோ உறவினர்மீதோ குற்றம் சாட்டுவது பெரும் அநீதி. மேடையில் மனிதர்களைக் கோழிபோலக் கூவவைத்துச் சிரிக்கச் செய்வது, மனிதனுக்கு இறைவன் அளித்த கண்ணியத்தைக் குலைப்பது. இறுதியாக, இது சர்வரோக நிவாரணி அன்று. அச்சம், நாள்பட்ட வலி, பல் சிகிச்சையின் பயம் ஆகியவற்றில் துணைபுரியும். மருந்துக்கு அடங்காத குடல் எரிச்சல் நோய்க்கு இதனையும் பரிசீலிக்கலாம் என்று இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டிக் குழு 2008-இல் கூறியிருக்கிறது. சித்தப்பிரமை போன்ற கடும் நோய்களில் மாத்திரையை நிறுத்திவிட்டு இதை நாடுவது ஆபத்து.

நண்பர்களே, இந்த ஆராய்ச்சியெல்லாம் எதற்காக? 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில் ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றில் பற்றிய தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓடவும் இயலாமல் கருகினார்கள். 28 உயிர்கள் போயின. அவர்களுள் பல சமயத்தவரும் இருந்தார்கள். பிரார்த்தனையை நாடி அவர்களை அங்கே கொண்டுவந்து விட்ட பெற்றோர் கொடியவர்கள் அல்லர். துஆவை அறிந்திருந்தார்கள், மருந்துக்கு வழி அறியாதிருந்தார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை முற்றாகத் தடை செய்துவிட்டது. ஆனால் இரும்புச் சங்கிலியை அகற்றும் சட்டத்தால், ஹராமோ என்ற அச்சத்தையும் ஊரார் என்ன சொல்வாரோ என்ற நாணத்தையும் அகற்ற முடியாது. அது நம்முடைய வேலை. குஜராத்தில் மீரா தாதார் தர்காவில் 2008 முதல், பிரார்த்தனைக்கு வருவோரையே அங்கேயே மருத்துவரிடமும் காட்டச் செய்யும் தவா-துஆ என்ற ஏற்பாடு நடந்துவருகிறது. தவா என்றால் மருந்து, துஆ என்றால் பிரார்த்தனை. அந்த இளைஞருடைய மஹல்லாவின் ஹஜரத் தம் மொழியில் சொன்னதும் அதுவேயன்றோ?

நமக்கு மருத்துவ வசதி தூரத்தில் இல்லை. கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. அதன் வேர் 1794-ஆம் ஆண்டைத் தொடுவது. அண்ணா நகர் மேற்கில், டாக்டர் சாரதா மேனன் 1984-இல் தோற்றுவித்த ஸ்கார்ப் நிறுவனம் இருக்கிறது. முகப்பேரில், வீடிழந்து தெருவில் திரிந்த பெண்களுக்கு அடைக்கலம் கொடுத்து 1993-இல் தொடங்கிய பான்யன் இருக்கிறது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் மூன்று ஷிப்டுகளிலும், ஆவடியின் பீரங்கி வண்டித் தொழிற்சாலையிலும் உடலால் உழைக்கும் நம் பிள்ளைகளுக்கு, மனமும் ஓர் உறுப்பைப்போலக் காயப்படும் என்பதை யாரேனும் சொல்லவேண்டும். பள்ளிவாசலின் மிம்பரிலிருந்து சொன்னால் அவர்கள் நம்புவார்கள்.

ஆகவே ஜமாஅத்துத் தலைவர்களிடம் எனக்கு ஒரே ஒரு விண்ணப்பம். உங்கள் பள்ளிவாசலின் அறிவிப்புப் பலகையில், ஐவேளைத் தொழுகை நேரங்களின் கீழே, 14416 என்ற எண்ணை எழுதிவையுங்கள்; மனநல ஆலோசனைக்காக மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் இலவசத் தொலைபேசி எண் அது. விடியலுக்கு முன் தனியாக வந்து, நடுங்கும் கையோடு ஹவ்ளின் கரையில் அமரும் எவனோ ஒருவன், உளூ செய்துவிட்டு நிமிரும்போது அந்த எண் அவன் கண்ணில் படட்டும். வல்ல இறைவன் நோயுற்றவர் அனைவருக்கும் ஷிபாவை அருள்வானாக.